மருந்து இல்லாத குழு

சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வெளிவரும் மருந்து 100 மைக்ரோகிராம். அதைச் சுமந்துகொண்டு வரும் வாயு 50 மில்லிகிராமுக்கும் மேல். எடை போட்டால் மருந்து ஒரு பங்கு, வாயு ஐந்நூறு பங்கு. நெபுலைசரில் ஊற்றும் இரண்டரை மில்லி கரைசலிலும் கணக்கு இப்படித்தான். மருந்து இரண்டரை மில்லிகிராம் இருக்கும். மற்றதெல்லாம் தண்ணீர், உப்பு, அமிலத்தன்மையைச் சரிசெய்யும் பொருள், சில தயாரிப்புகளில் கெடாமல் காக்கும் பொருள். டாக்டர் சீட்டில் எழுதுவது அந்த ஒரு பங்கின் பெயரை மட்டும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மீதி ஐந்நூறு பங்கைப் பார்ப்பதில் போயிருக்கிறது.

நான் கால்நடை மருத்துவம் படித்தவள். வேப்பேரிக் கல்லூரியில் நோய்க்குறியியலில் முதுநிலை முடித்தபோது மாடும் கோழியும்தான் என் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வரும் என்று நினைத்திருந்தேன். சென்னைக்கு வெளியே ஓர் ஒப்பந்த ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் என்று பல நிறுவனங்கள் தங்கள் சரக்கை அனுப்பி, நச்சுத்தன்மை பார்த்து அறிக்கை வாங்கிப்போகும் இடம் அது. வாய்வழி, தோல்வழிப் பிரிவுகளுக்கு ஆள் நிறைய. சுவாசவழிப் பிரிவுக்கு யாரும் விரும்பிப் போகமாட்டார்கள். கருவிகள் அதிகம், பம்புகளின் இரைச்சல் ஓயாது, ஒரு மணி நேர ஆய்வுக்கு நாள் கணக்கில் தயாரிப்பு வேண்டும். புதிதாக வந்தவள் என்பதால் என்னை அங்கே போட்டார்கள். பிறகு வேறு பிரிவுக்கு மாற்றித் தருகிறோம் என்றபோது நான் போகவில்லை.

அந்தப் பிரிவில் நான் அடிக்கடி கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. ஆய்வுத் திட்டம் பேச வரும் நிறுவனத்துக்காரர் கரைப்பானின் பெயரைக் காட்டி, "மேடம், இது ஃபுட் கிரேடு. குழந்தைங்க சாப்பிடுற பொருள். இதுக்குத் தனியா எதுக்கு டெஸ்ட்?" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் காட்டும் சான்று வயிற்றுக்கு உரியது. நுரையீரலுக்கு அது செல்லாது.

விழுங்கும் பொருளுக்கு உடம்பில் பல காவல்கள் உண்டு. வயிற்றில் அமிலம், அதைத் தாண்டினால் குடல் சுவர், அதையும் தாண்டியது முதலில் கல்லீரலுக்குப் போய்த்தான் மற்ற இடங்களுக்குப் போக முடியும். மூச்சில் போவதற்கு இந்தச் சுற்றுவழி இல்லை. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும். ஐந்து மைக்ரோமீட்டருக்குக் கீழே இருப்பவை இறங்கிவிடும். கடைசியில் காற்றுப்பைகள். அங்கே காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவருக்கு ஒரு மைக்ரோமீட்டர் கனம்கூடக் கிடையாது. மூச்சுக்குழாய்களில் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள் காற்றுப்பைகள் வரை வருவதில்லை. அங்கே விழுந்ததை அகற்ற விழுங்கு செல்கள் மட்டும்தான். அவற்றால் கரைக்க முடியாத எண்ணெயோ, அவற்றையே கொன்றுவிடும் ரசாயனமோ போய்ச் சேர்ந்தால் அடுத்தது அழற்சி, அதற்கடுத்தது தழும்பு.

இதைப் பாடமாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் நான் தென்கொரியாவைச் சொல்வேன். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்காற்று வறண்டுபோகும் என்று ஈரப்பதமூட்டும் கருவி வைப்பார்கள். அதன் தண்ணீரில் பாசியும் கிருமியும் வளராமல் இருக்க ஒரு திரவத்தை ஊற்றும் பழக்கம் 1994-இல் தொடங்கியது. சூப்பர் மார்க்கெட்டில் தாராளமாக விற்றது. பிரபலமான பாட்டில்களில் இருந்தது பி.எச்.எம்.ஜி. என்ற கிருமிநாசினி. தோலில் பட்டால் பெரிய பாதிப்பில்லை, விழுங்கினாலும் நச்சுத்தன்மை குறைவு என்று தரவு இருந்தது. அந்தக் கருவியோ அதை மீயொலியால் நுண்துளிகளாக்கி, மூடிய அறையில், உறங்கும் குழந்தையின் தலைமாட்டில் இரவு முழுவதும் தூவியது. மூச்சில் போனால் என்ன ஆகும் என்று விற்பனைக்கு முன் யாரும் பார்க்கவில்லை. 2011 வசந்தத்தில் சியோல் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கர்ப்பிணிகளும் பிரசவித்த பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நுரையீரல் இறுகிப்போயிருந்தது. கிருமி எதுவும் அகப்படவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நோய்க்கும் இந்தத் திரவத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கொரிய நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. பிறகு எலிகளை அந்தத் துளிமூட்டத்தைச் சுவாசிக்கவைத்துப் பார்த்தார்கள். மனிதர்களிடம் கண்ட அதே சிதைவு எலிகளின் நுரையீரலிலும் வந்தது. நவம்பரில் சரக்கைத் திரும்பப் பெற உத்தரவு போனது. பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். இறந்தவர்களில் கைக்குழந்தைகள் நிறைய.

சில மாதங்களில் முடிந்த எலி ஆய்வு அது. 1994-லேயே செய்திருக்க முடியும், அப்போதே கருவி இருந்தது, முறை இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரம் என் வேலைக்குத் தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் இரண்டு உதாரணங்கள் உண்டு. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற பொருள். மிசூரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் அதன் ஆவியைச் சுவாசித்து வேலை செய்த எட்டுப் பேருக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டது 2000-இல் தெரியவந்தது. 2019-இல் வைட்டமின் ஈ அசிடேட். முகத்தில் பூசும் கிரீமில் இருக்கிறது, மாத்திரையாகவும் விழுங்குகிறார்கள். கஞ்சா எண்ணெயைக் கெட்டியாகக் காட்ட அதைக் கலந்து வேப்பிங் கருவிகளில் நிரப்பினார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனை சேர்ந்திருந்தார்கள் அல்லது இறந்திருந்தார்கள். இறப்பு மட்டும் 68. நோயாளிகள் 51 பேரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 48 பேரிடம் அந்த அசிடேட் இருந்தது. ஒப்பிடுவதற்காகச் சேர்த்த நலமானவர்கள் 99 பேரில் ஒருவரிடமும் இல்லை. இந்த இரண்டு பொருளும் வாய்வழியே போனபோது யாரையும் இப்படிப் படுக்கவைத்ததில்லை.

இனி எங்கள் அறைக்குள் வருகிறேன். நடுவில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓர் உலோகக் கோபுரம். அதைச் சுற்றி அடுக்கடுக்காகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய், குழாய்க்குள் ஒரு எலி, மூக்கு மட்டும் கோபுரத்துக்குள். முழு உடம்பையும் மூட்டத்தில் வைத்தால் துகள் ரோமத்தில் படியும், எலி அதை நக்கி விழுங்கும், நாம் அளப்பது மூச்சா வயிறா என்று தெரியாமல் போகும். அதனால்தான் மூக்கு மட்டும். மேலேயிருந்து மூட்டம் இறங்கி ஒவ்வொரு மூக்குக்கும் தனித்தனியே புதிதாகப் போகும். எலி விடும் மூச்சு வேறு வழியாக இழுக்கப்படும். ஒரு எலியின் மூச்சை இன்னொன்று இழுக்காது.

எலியைக் குழாயில் உட்காரவைப்பது எளிதில்லை. பயந்தால் திரும்பப் பார்க்கும், நெளியும், சூடேறும். சூடேறினால் மூச்சின் அளவே மாறிவிடும், பிறகு எவ்வளவு மருந்து உள்ளே போனது என்ற கணக்கே பிசகும். எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் விலங்குக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஓர் அண்ணன். ஆய்வு தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் எலிகளைக் குழாயில் வைத்துப் பழக்குவார், முதல் நாள் சில நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. "வாலைப் புடிச்சித் தள்ளாதீங்க மேடம். குழாயக் காட்டுங்க, அதுவே உள்ள போவும். இருட்டும் இடுக்கும் அதுக்குப் புடிக்கும்" என்பார். அவர் கையால் வைத்த எலிகள் மூச்சுவிடும் வேகம் சீராக இருக்கும். எங்கள் தரவின் தரம் அவர் விரல்களில் தொடங்கியது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மருந்து என்றால் நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி. தொழிற்சாலை வேதிப்பொருள் என்றால் ஆறு மணி. அந்த நேரம் முழுக்க அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு துளையில் எலிக்குப் பதில் வடிகட்டித் தாளை வைத்து, காற்றை இழுத்து, தாளை எடைபோட்டு, மருந்தைப் பிரித்து அளப்போம். ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எத்தனால் சேர்ந்த தயாரிப்பு என்றால் ஆவி தீப்பற்றும் செறிவை நெருங்காமல் பார்க்க வேண்டும், அது காற்றில் 3.3 சதவீதம். துகளின் அளவையும் பார்க்க வேண்டும். அதற்குப் படிப்படியான தட்டுகள் கொண்ட கருவி இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் காற்று இன்னும் வேகமாகத் திரும்பும், கனமான துகள் திரும்ப முடியாமல் தட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும், லேசானது அடுத்த தட்டுக்குப் போகும். இந்தக் கருவியின் மூத்த வடிவத்தை ஆண்டர்சன் என்பவர் 1958-இல் விவரித்தார். காற்றில் மிதக்கும் பாக்டீரியாவைப் பிடிப்பதற்காகச் செய்தது. இன்று இன்ஹேலர் தயாரிக்கும் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறைகளில் அதன் வாரிசுகள் இருக்கின்றன.

இப்போது குழுக்கள். வெறும் காற்றைச் சுவாசிக்கும் எலிகள் ஒரு குழு. மருந்தைக் குறைவாக, நடுத்தரமாக, அதிகமாகப் பெறுபவை மூன்று குழு. இன்னொரு குழு உண்டு. மருந்தே இல்லாமல், மருந்தைச் சுமக்கும் கரைசலையோ வாயுவையோ மட்டும் சுவாசிக்கும் எலிகள். வெஹிக்கிள் குழு என்போம். உச்ச அளவு பெறும் குழுவுக்குள் எவ்வளவு கரைப்பான் போகிறதோ அதே அளவு இவற்றுக்கும் போக வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்தக் குழுவில்தான். நான் விட்டுக்கொடுக்காததும் இதில்தான்.

காரணம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். ஆய்வு முடிந்ததும் எலியின் நுரையீரலை அப்படியே ஃபார்மலினில் போட்டால் போதாது. மூச்சுக்குழாய் வழியாக ஃபார்மலினைச் செலுத்தி, அது உயிரோடு இருந்தபோது விரிந்த அளவுக்கு விரியவைத்துத்தான் பதப்படுத்த வேண்டும். சுருங்கிய நுரையீரலில் எதுவும் நோய்போலத்தான் தெரியும். மூக்கெலும்பிலிருந்து சுண்ணாம்பை நீக்கி, முன்னிருந்து பின்னாகக் குறைந்தது நான்கு இடத்தில் குறுக்கே வெட்டிப் பார்ப்போம். எலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி, மனிதரைவிடச் சிக்கலான மடிப்புகள் அதன் மூக்குக்குள். வாசனை அறியும் மெல்லிய சவ்வு எரிச்சலூட்டும் பொருளுக்கு முதலில் பலியாகும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த இடம் குரல்வளை. குரல்வளை மூடியின் அடியில், கீழ்ப்பக்கத்தில், நூல் அகலத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது. உள்ளே போகும் காற்று திரும்பும் வளைவு அது. அங்கே இருக்கும் மென்மையான நுண்மயிர்ச் செல்கள் எரிச்சல் தொடர்ந்தால் தட்டையாகி, தோல்போல அடுக்கடுக்காக மாறிக்கொள்ளும். வெட்டு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் அந்த இடம் கண்ணில் படாது. ஆய்வே வீண். ஸ்லைடு போடும் தொழில்நுட்பப் பணியாளர்களோடு உட்கார்ந்து, பாரஃபின் கட்டியிலிருந்து ஒவ்வொரு சீவலாக எடுத்துப் பார்த்து, சரியான குருத்தெலும்பு வடிவம் வரும்வரை காத்திருந்த பொழுதுகள் பல. எலிக்கு அங்கே லேசாகத் தட்டையாவதைப் பார்த்து மனிதருக்கு ஆபத்து என்று அலற வேண்டியதில்லை. எலியின் குரல்வளை அளவுக்கு மீறி உணர்வுள்ளது. ஆனால் அது வெஹிக்கிள் குழுவிலும் இருக்கிறதா, காற்றுக் குழுவில் இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நெபுலைசர் கரைசல் ஒன்று ஆய்வுக்கு வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காற்றுக் குழுவே போதும், வெஹிக்கிள் குழு வேண்டாம் என்று கேட்டார்கள். எங்கள் ஆய்வு இயக்குநர் மூத்தவர், குரலை உயர்த்தாதவர், "அப்படின்னா கையெழுத்துப் போட வேற ஆளப் பாருங்க சார்" என்று முடித்துவிட்டார். குழு சேர்ந்தது. ஸ்லைடுகள் என் மேசைக்கு வந்தபோது மருந்துக் குழுக்கள் மூன்றிலும் குரல்வளை தட்டையாகியிருந்தது, சிறு மூச்சுக்குழாய்களைச் சுற்றி அழற்சிச் செல்கள். அளவு கூடக் கூட மோசமாகவில்லை. குறைவும் அதிகமும் ஒரே மாதிரி. மருந்து குற்றவாளி என்றால் இப்படி இருக்காதே என்று வெஹிக்கிள் குழுவை எடுத்தேன். அதே படம் அங்கேயும். காற்றுக் குழு சுத்தமாக இருந்தது. கரைசல் கெடாமல் இருக்கச் சேர்த்த பொருள்தான் காரணம் என்று பின்னால் தெளிவானது. நிறுவனம் அதை எடுத்துவிட்டு, ஒருமுறை மட்டும் திறக்கும் சிறு குப்பிக்கு மாறியது. வெஹிக்கிள் குழு இல்லாதிருந்தால் நல்ல மருந்து ஒன்று கோப்போடு மூடப்பட்டிருக்கும். அல்லது, எல்லா அளவிலும் ஒரே மாதிரி என்பதால் இது பொருட்படுத்தத் தக்கதல்ல என்று யாராவது வாதாடி, அந்தக் கரைசல் அப்படியே குழந்தைகளின் முகமூடிக்குள் போயிருக்கும்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1980-களில் பிரிட்டனில் இப்ராட்ரோப்பியம் நெபுலைசர் கரைசலில் இதே பாடம் வந்தது. மூச்சுக்குழாயை விரிக்க வேண்டிய மருந்து சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு அதைச் சுருக்கியது. ஆராய்ந்தபோது மருந்தின்மேல் தப்பில்லை. கரைசலில் உப்பின் அளவு உடம்புத் திரவத்தைவிடக் குறைவாக இருந்தது ஒரு காரணம். பென்சால்கோனியம் குளோரைடு, ஈ.டி.டி.ஏ. என்ற காப்புப் பொருள்கள் மற்றொரு காரணம். உப்பைச் சரிசெய்து, காப்புப் பொருளை நீக்கியபின் பிரச்சினை தீர்ந்தது. இன்றும் யாராவது பல தடவை திறந்து மூடும் பெரிய நெபுலைசர் பாட்டிலைக் காட்டினால், நான் முதலில் லேபிளின் கடைசி வரியைத்தான் படிக்கிறேன்.

வாயுக்களின் கதை இதைவிட நீண்டது. குளிர்பதனப் பெட்டிக்காக குளோரோஃப்ளூரோகார்பன்களைக் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி, 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அந்த வாயுவைத் தானே இழுத்து, வெளியே விட்டு, மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நச்சில்லை, தீப்பற்றாது என்று ஒரே மூச்சில் நிரூபித்ததாக எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வாயுக்கள்தான் 1956-இல் வந்த, அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அளந்து தரும் முதல் இன்ஹேலரில் மருந்தைச் சுமந்தன. 1970-இல் மில்லார்ட் பாஸ் என்ற மருத்துவர், போதைக்காகக் கரைப்பான்களையும் ஸ்பிரே வாயுக்களையும் இழுத்துத் திடீரென்று விழுந்து இறந்த இளைஞர்கள் 110 பேரைப் பற்றி எழுதினார். இந்த வாயுக்கள் அதிகச் செறிவில் போனால் இதயம் அட்ரினலினுக்கு மிகையாகத் துள்ளும், தாளம் தவறும். இன்ஹேலரில் வரும் அளவுக்கு இது நேர்வதில்லை. ஆனாலும் அதன்பிறகு எந்தப் புதிய வாயுவானாலும் நாய்க்கு அட்ரினலின் கொடுத்து, வாயுவைச் சுவாசிக்கவைத்து, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒரு மூச்சு எதையும் நிரூபிக்காது. இளைஞர்களின் சாவுதான் அந்தச் சோதனையைக் கொண்டுவந்தது.

ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தபோது இன்ஹேலர்களுக்கு மாற்று வாயு தேவைப்பட்டது. கார் ஏ.சி.யில் போடும் அதே எச்.எஃப்.ஏ. 134ஏ, இன்னொன்று எச்.எஃப்.ஏ. 227. சந்தையில் ஒன்றையொன்று எதிர்க்கும் மருந்து நிறுவனங்கள் இந்த இரண்டு வாயுக்களின் பாதுகாப்பைப் பார்க்க மட்டும் கூட்டமைப்பு அமைத்து, செலவைப் பங்கிட்டு, ஒரு புதிய மருந்துக்குச் செய்யும் அத்தனை ஆய்வுகளையும் வாயுவுக்கே செய்தார்கள். எலியின் ஆயுள் முழுவதும் சுவாசிக்கவைப்பது, கருவில் பாதிப்பு, மரபணுப் பாதிப்பு என்று எல்லாம். எங்கள் துறையில் நான் மிகவும் மதிக்கும் காரியம் இது. மருந்தல்லாத ஒரு பொருளுக்கு மருந்தின் மரியாதை கிடைத்தது அப்போதுதான். 1996-இல் அமெரிக்கா முதல் எச்.எஃப்.ஏ. இன்ஹேலரை அனுமதித்தது. பழைய வாயுவில் வந்த சால்பியூட்டமால் இன்ஹேலர்கள் 2008 முடிவோடு அங்கே நின்றன.

வாயு மாறியதும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பழைய வாயுவில் பெக்லோமெத்தசோன் என்ற ஆஸ்துமா மருந்து கரையாமல் தூளாக மிதந்தது. புதிய வாயுவில் கொஞ்சம் எத்தனால் சேர்த்ததும் முழுதாகக் கரைந்துவிட்டது. கரைசலாக வந்த ஒரு தயாரிப்பில் துகள் ஒரு மைக்ரோமீட்டரளவுக்குச் சிறுத்துப்போனது, நுரையீரலில் தங்கும் பங்கு பல மடங்கு கூடியது. அதே நோயாளிக்கு அதே மருந்து பாதி அளவே போதுமென்று ஆயிற்று. அதனால்தான் பிரிட்டனில் அந்த மருந்தைப் பிராண்ட் பெயரோடு எழுதச் சொல்கிறார்கள். கரைப்பானைச் செயலற்ற பொருள் என்று சட்டப் புத்தகம் சொல்லலாம். இந்த ஒரு உதாரணத்துக்குப் பிறகு நான் அந்தச் சொல்லை என் அறிக்கைகளில் எழுதுவதில்லை.

கரைப்பான் பாதுகாப்பானது என்று ஆய்வு சொன்னாலும், வாங்கிய டிரம்மில் இருப்பது அந்தக் கரைப்பான்தானா என்ற கேள்வி மீதி நிற்கும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் அதே நஞ்சு கலந்த கிளிசரினால் 14 பேர். 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த இருமல் மருந்து தயாரானது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். கிளிசரினிலும் புரோப்பிலீன் கிளைக்காலிலும் அது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேஸ் குரோமட்டோகிராஃப் உள்ள எந்த ஆய்வகமும் ஒரே நாளில் சொல்லிவிடும் சோதனை. அவை விழுங்கும் மருந்துகள், என் பிரிவுக்கு வருபவை அல்ல. ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கிடங்கில் இருந்த ஒவ்வொரு கரைப்பான் டிரம்மின் சான்றிதழையும் நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இன்ஹேலரின் உலோகக் குப்பிக்குள் இருக்கும் ரப்பர் வளையமும் கவனிக்க வேண்டியதே. மாதக் கணக்கில் வாயுவிலும் எத்தனாலிலும் ஊறும் ரப்பரிலிருந்து வேதிப்பொருள்கள் கசியலாம். புற்றுநோய் அச்சம் உள்ள பொருள்களைக் கணக்கில்கொண்டு, மூச்சுவழிப் பொருளில் ஒரு கசிவு நாளுக்கு 0.15 மைக்ரோகிராமைத் தாண்டினால் அது என்னவென்று அடையாளம் கண்டு மதிப்பிட வேண்டும் என்ற வரையறையை 2006-இல் ஒரு நிபுணர் குழு முன்வைத்தது. நாங்கள் அதையே பின்பற்றுகிறோம்.

இ-சிகரெட் பற்றிக் கேட்காத உறவினர் இல்லை. இந்தியா அதை 2019-இல் தடை செய்துவிட்டது. ஆனாலும் கல்லூரிப் பிள்ளைகளின் பைகளில் இருக்கிறது. "அத்தை, அதுல இருக்கிறது வெறும் புரோப்பிலீன் கிளைக்கால்தான், சேஃப்னு ஆராய்ச்சியே இருக்கு" என்றான் என் அண்ணன் மகன். ஆராய்ச்சி இருப்பது உண்மை. 1940-களில் சிகாகோவில் ராபர்ட்சன் குழுவினர், கிருமியைக் கொல்ல அறைக் காற்றில் அந்த ஆவியை விடலாமா என்று பார்க்க, குரங்குகளையும் எலிகளையும் ஓராண்டுக்கு மேல் அதில் வைத்திருந்தார்கள். கேடு எதுவும் தெரியவில்லை. 1989-இல் வந்த தொண்ணூறு நாள் எலி ஆய்விலோ மூக்கில் இரத்தக்கசிவும் சளி சுரக்கும் செல்கள் பெருப்பதும் தெரிந்தன. இரண்டிலும் யாரும் அதைக் கம்பிச் சுருளில் காய்ச்சவில்லை. காய்ச்சினால் அது ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் தரும். கிளிசரின் சேர்ந்திருந்தால் அக்ரோலினும். பையனுக்கு நான் ஸ்லைடு காட்டினேன். விட்டானா என்று தெரியாது. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கால்நடை மருத்துவராகத் தேர்ந்துவிட்டு இந்த வேலை செய்வது மனத்துக்கு லேசானதல்ல. மனித மூச்சுக்குழாய்ச் செல்களைச் சவ்வின்மேல் வளர்த்து, கீழே திரவமும் மேலே காற்றுமாக வைத்து, நேராக மூட்டத்தைத் தூவிப் பார்க்கும் முறை இன்று நன்றாக வளர்ந்திருக்கிறது. எரிச்சலூட்டும் கரைப்பானை அதில் முதல் வாரத்திலேயே கழித்துவிடலாம். அப்படிக் கழிக்கப்பட்டவற்றுக்கு எலி தேவைப்படுவதில்லை. ஆனால் மாதக் கணக்கில் காற்றுப்பையில் தங்கும் பொருளை விழுங்கு செல்கள் என்ன செய்கின்றன என்பதை அந்தச் சவ்வால் இன்னும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. கொழுப்பு நிறைந்து நுரைத்த விழுங்கு செல்களைப் பார்த்து, இது உடம்பு சமாளிப்பதா, சேதத்தின் தொடக்கமா என்று தீர்மானிப்பது இன்றும் எங்கள் வேலையில் ஆகக் கடினமான பகுதி. அந்தத் தீர்மானத்துக்கு உயிருள்ள நுரையீரல் வேண்டியிருக்கிறது. சவ்வால் அதைச் சொல்ல முடிகிற நாளில் அந்தக் கோபுரத்தைக் கழற்றிவைக்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

இப்போது வாயுக்கள் மறுபடியும் மாறுகின்றன. 134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் 2016-இல் செய்த கிகாலி திருத்தத்துக்குப் பிறகு எச்.எஃப்.ஏ. 152ஏ, எச்.எஃப்.ஓ. 1234இசட்.இ. என்ற இரண்டு வாயுக்கள் மாற்றாக வந்துகொண்டிருக்கின்றன. 152ஏ தீப்பற்றும். எங்கள் அறையின் மின்சுவிட்சுகளிலிருந்து காற்றோட்டம் வரை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. சமீபத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் வந்தது. மருந்து பழையது, ஆயிரக்கணக்கான பக்கத் தரவு உள்ளது. வாயுதான் புதிது. திட்டத்தைப் பேச வந்த இளைஞர் எங்களிடம் வெஹிக்கிள் குழுவை எடுத்துவிடச் சொல்லவில்லை. பழைய வாயுவுக்கு ஒன்று, புதிய வாயுவுக்கு ஒன்று என்று இரண்டு வெஹிக்கிள் குழு வேண்டும் என்று அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.